பச்சை ஸ்வெட்டர்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன ஸ்வெட்டரிலிருந்து தொடங்குகிறேன். பச்சை நிறம், கையால் பின்னியது, ஏழு வயதுப் பிள்ளையின் அளவு. இன்று அது வாஷிங்டனில், யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிறிஸ்டினா ஹிகர் என்ற யூதச் சிறுமிக்கு அவள் பாட்டி பின்னிக் கொடுத்தது. அந்தப் பாட்டியை நாஜிகள் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை.

ஊர், இன்று உக்ரைனில் இருக்கும் லிவீவ். போருக்கு முன் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் வாழ்ந்த நகரம். 1943-இல் அவர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவை நாஜிகள் அடியோடு அழித்தபோது, கிறிஸ்டினா அந்த ஸ்வெட்டரோடு பாதாளச் சாக்கடைக்குள் இறங்கினாள். அப்பா, அம்மா, தம்பி பாவெல், இன்னும் சிலர். 14 மாதம் அங்கேதான். எலி, நாற்றம், மழை பெய்தால் கழுத்தளவு ஏறும் தண்ணீர். அங்கேயே ஒரு குழந்தை பிறந்தது. அழுகுரல் மேலே கேட்டால் அத்தனை பேருக்கும் சாவுதான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

லியோபோல்ட் சோஹா என்ற சாக்கடைத் தொழிலாளி இவர்களைக் காப்பாற்றினார். ஒரு காலத்தில் திருடராக இருந்தவர். முதலில் காசுக்குத்தான் செய்தார். அப்புறம் இவர்களிடம் காசு தீர்ந்தது, ஆனாலும் அவர் ரொட்டியோடு வருவது நிற்கவில்லை. அழுக்குத் துணியை எடுத்துப்போவார், அவர் மனைவி துவைத்துக் கொடுப்பார். ஒரு கட்டத்தில் சிறுமி பேச்சை நிறுத்திவிட்டாள், சாப்பாடும் இறங்கவில்லை. சோஹா அவளைக் கூட்டிப்போய், மேலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் கொண்டுவந்த ரொட்டியைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1944 ஜூலையில் சோவியத் படை ஊரைப் பிடித்தது. பத்துப் பேர் உயிரோடு மேலே வந்தார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது. பாவெல் மிரண்டுபோய், மறுபடி கீழே போகலாம் என்று அழுதான். அவனுக்கு நினைவு தெரிந்த உலகமே அதுதானே!

போர் முடிந்து கொஞ்ச காலத்தில், லாரி மோத வந்த தன் மகளைக் காப்பாற்றப் போய் சோஹா இறந்தார். யூதர்களுக்கு உதவியதற்குக் கடவுள் தந்த தண்டனை என்று சிலர் பேசினார்களாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போருக்குப் பின் கிறிஸ்டினா போலந்துக்கும், அங்கிருந்து இஸ்ரேலுக்கும் போனார், பின்பு நியூயார்க். பல் மருத்துவரானார். இத்தனை நாடு மாறியும், பாட்டி பின்னிய ஸ்வெட்டரை விடாமல் கூடவே வைத்திருந்தார்.