அரிசி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு அடுப்படியிலோ, பெங்களூரில் ஏதோ ஒரு கட்டட வேலைக் கொட்டகையிலோ இந்த நேரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரில் சிலருக்கு விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் இருப்பாள். விடுதிப் பெண்களின் மனநலம் பற்றிய இந்த உரை முதலில் உங்களுக்கு. விடுதிக் காப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் கோணாமல் கேளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பதினோரு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். பெண்களின் எழுத்தறிவு பின்தங்கிய வட்டாரங்களுக்காக 2004 ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா திட்டப் பள்ளிகளும் அவற்றில் உண்டு. அங்கே குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குடும்பங்களின் பெண்களுக்கு. மீதி இடங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பெண்களுக்கு. பாதியில் படிப்பை விட்டு ஆடு மேய்த்தவர்கள், தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்தவர்கள், அப்பாவும் அம்மாவும் வேலை தேடி ஊரை விட்டுப் போனதால் பாட்டியிடம் விடப்பட்டவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள்.

நான் செய்யும் வேலைக்குப் பெரும்பாலோர் சொல்லும் பெயர் மனநல ஆலோசனை. அந்தப் பெயரால் ஒரு தொல்லை இருக்கிறது. ஆலோசனை என்றதும் புத்திமதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். "இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை மேடம், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்று ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்துவார்கள். நல்ல வார்த்தைகளை அவள் போதும் போதும் என்னும் அளவுக்குக் கேட்டிருப்பாள். சமூகப்பணித் துறையில் இதற்கு ஆற்றுப்படுத்துதல் என்று ஒரு சொல் உண்டு. இலங்கைத் தமிழர்கள் உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் அதற்குள் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆற்றுப்படுத்துதல் நம் பழைய ஆற்றுப்படையை நினைவூட்டுகிறது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு, தான் போய்வந்த வழியைச் சொல்கிறான். கேட்டவன் நடந்துபோய்ச் சேர்கிறான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் அறை ஒரு பள்ளியின் அரிசி இருப்பறை. மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகள். கதவை முழுக்கச் சாத்த மாட்டேன், முழுக்கத் திறந்தும் வைக்க மாட்டேன். வெளியே போகிறவர்களுக்கு நாங்கள் இருப்பது தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுவேன். அழுகிற பெண்ணுக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு தவிப்பு இருக்கும். சாய்வாக உட்கார்ந்தால் மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.

அந்த அறையில்தான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் மேலே பேச எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரவில் படுக்கையை நனைத்துவிடுவதாக என்னிடம் சொல்லி அழுதாள். பாயை ஒருவருக்கும் தெரியாமல் விடிவதற்கு முன் அலசிப் போடுகிறாள் என்றும், ஈரப் பாயில்தான் மறுபடியும் படுக்கிறாள் என்றும் சொன்னாள். எனக்கு மனம் தாங்கவில்லை. மாற்றுப் பாய் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அலுவலக அறையில் சொல்லிவிட்டேன். அவர்களும் நல்லெண்ணத்தில்தான் சமையல் அம்மாவிடம் புதுப் பாய் எடுத்துவரச் சொன்னார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் அறைக்கு ஒரு பெண்கூட வரவில்லை. வாரம் தவறாமல் போய் அரிசி மூட்டைகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்துபோகும் பெண்ணுக்குச் சாயங்காலம் மணி அடித்தால் வேறோர் உலகம் இருக்கிறது. விடுதிப் பெண்ணுக்கு அது இல்லை. அவளைக் கேலி செய்தவள்தான் இரவில் பக்கத்துப் பாயில் படுக்கிறாள். திட்டிய ஆசிரியரைக் குளிக்கும் வரிசையில் பார்க்கிறாள். அங்கே ஒரு சொல் வெளியே போய்விட்டால் அதை விட்டு அவள் தப்பிக்க இடமே கிடையாது. ஆகையால் விடுதியில் ஆற்றுப்படுத்துதல் என்றால், கேட்டதை வெளியே விடாமல் இருப்பதுதான் அதில் முக்கால் பங்கு என்று நான் நம்புகிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும், அவள் வாய் திறப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது. இரண்டு சமயங்களில் மட்டும் தாண்டும். உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் தாண்டும். உன்னை யாராவது தவறாகத் தொட்டதாகத் தெரிந்தாலும் தாண்டும். அப்போதுகூட யாரிடம், என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டுவிட்டு எழுந்துபோன பெண்களும் உண்டு. அவர்களில் பலர் அடுத்த வாரம் திரும்பி வந்திருக்கிறார்கள்.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளை யாரும் அறிந்துகொள்ளாதபடி அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு. மூன்று வாரம் வந்து உட்கார்ந்தாள், ஒரு சொல் பேசவில்லை. தரையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நாற்காலியின் கைப்பிடி மேல் வரிசையாக வைப்பாள். நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளங்கையில் திரட்டி மூட்டைக்குள் போட்டுவிட்டுப் போவாள். நானும் சில நாள் அவளோடு சேர்ந்து பொறுக்கினேன். நான்காவது வாரம், தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "அக்கா, பொங்கல் லீவுக்கு நான் இங்கேயே இருக்கலாமா?"

எல்லாப் பெண்களும் சுவரில் கோடு போட்டு விடுமுறைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்கிறாள் என்றால், காப்பாளர்களே, அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு வீட்டில் ஓர் உறவினரிடம் பயம் இருந்தது. அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன். 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற சாக்குக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நான் தொலைபேசியை எடுப்பதற்கு முன், சொன்னபடியே அவளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா என்னைத் திட்டுவார்களா அக்கா?" அந்த அம்மா இரவு பஸ் பிடித்து விடிகாலையில் வந்து சேர்ந்தார். மகளைத் திட்டவில்லை. சிமெண்டுத் தூசி படிந்த சேலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

அடுத்து, மயக்கம். பெண்கள் விடுதிகளில் வேலை செய்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். ஓர் ஆடி மாதம், காலைப் பிரார்த்தனையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விழுந்தாள். மறுநாள் மூன்று பேர். அந்த வாரம் முடிவதற்குள் பதினொரு பேர். கை கால் இழுத்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, சிலருக்குப் பேச்சு வரவில்லை. விடுதிக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. ஆகவே காரணம் எது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. மந்திரிக்கிறவரை அழைத்துவர ஆளும் போய்விட்டார்.

முதலில் மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பும் பெண்கள் எத்தனையோ பேர். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்களும் உண்டு. யாராவது ஒருத்திக்கு உண்மையிலேயே வலிப்பு நோய் இருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் அங்கே எட்டுப் பேருக்கு உடம்பில் ஒரு குறையும் தென்படவில்லை. உடனே, "நடிக்கிறார்கள்" என்றார் ஒருவர். அந்தச் சொல்லை நான் வன்மையாக மறுக்கிறேன். விழுந்த பெண் வேண்டுமென்று விழவில்லை. வாயால் சொல்ல வழியில்லாத பயம் உடம்பு வழியாக வெளியே வருகிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே பயத்தோடு வாழும் பெண்களிடையே அது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் பரவவும் செய்கிறது.

முதலில் விழுந்தவளோடு நான்கு முறை பேசினேன். ஆவணி பிறந்ததும் தாய்மாமனுக்கு அவளைக் கட்டிவைப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. வயது பதினான்கு. பக்கத்துப் பாயில் படுப்பவர்களுக்கு இது தெரியும். அடுத்து விழுந்த மூவரும் அந்தப் பாய்க்காரர்கள். அவர்களில் ஒருத்திக்கு அக்கா அப்படித்தான் பதினைந்தில் போனவள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்பா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்" என்றாள். அவள் கணக்கு சரியான கணக்கு. எது நடந்தாலும் பெற்றோரை வரச்சொல்வதுதானே நம் விடுதிகளின் வழக்கம்?

இந்த முறை அப்படிச் செய்யவில்லை. அவளிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசினோம். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக இருப்பவர் மாவட்டச் சமூகநல அலுவலர். அவர்கள் ஊருக்கே போய்ப் பேசி, பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் செய்ய மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். விடுதியில் நாங்கள் செய்தது சிறிய வேலைதான். யாராவது விழுந்தால் கூட்டம் கூட விடவில்லை. இரண்டு பேர் மட்டும் தூக்கி அடுத்த அறையில் படுக்கவைத்தோம், ஆர்ப்பாட்டம் இல்லாமல் கூடவே இருந்தோம். மாலையில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிட்டோம். பதினைந்து நாளில் மயக்கம் நின்றது. புளியமரம் அங்கேயேதான் நிற்கிறது.

கையில் கீறிக்கொள்ளும் பெண்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்த்தால் பதறாதீர்கள், மற்றவர்களுக்குக் காட்டாதீர்கள். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பெற்றோருக்கு வருகிறேன். விடுதியில் வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம், பெரும்பாலும் காப்பாளர் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் மகள் உங்களோடு பேசுகிறாள். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "ஒழுங்காகப் படிக்கிறாயா?" அவள் "ம்" என்கிறாள். பேச்சு அங்கேயே தீர்ந்துபோகிறது. பதிலாக, இன்று என்ன குழம்பு என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று கேளுங்கள். வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்று தேதியைச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலை பின்னிப் பூ வைத்து, கேட்டருகே மதியம்வரை நின்றுவிட்டுச் சாயங்காலம் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வயிற்றுவலி மாத்திரைக்குத் தீராது.

விடுதி நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். 2014 ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. உரிமம், காவல், பதிவேடு எல்லாம் அவசியமானவை. அவற்றோடு, காப்பாளராகவோ ஆசிரியராகவோ இல்லாத ஒருவர் வாரம் ஒருநாள் அந்தப் பெண்களுக்காக உட்கார ஓர் இடம் கொடுங்கள். அரிசி மூட்டை இருந்தாலும் பாதகமில்லை. யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டியைத் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே மாட்டிய ஒரு பள்ளியைப் பார்த்தேன். அதில் எந்தப் பெண் சீட்டுப் போடுவாள்? கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கு 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். குழந்தைகளுக்கு 1098. தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண் 104. உங்கள் மகளின் நோட்டில், கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

அரிசி பொறுக்கிய பெண் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். பேசாமல் இருக்கும் நாட்கள் இன்னும் அவளுக்கு உண்டு. போன மாதம் நான் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "அக்கா முதலில் ஒன்று சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் பேசு" என்று அவளிடம் சொன்னாள். பிறகு வெளியே போய், கதவைப் பாதி மட்டும் சாத்தினாள்.

வணக்கம்.