14-ஆம் நாள் கணக்கை விடுங்கள்

வணக்கம். பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் சினைப்பையிலிருந்து முட்டை ஒழுங்காக வெளிவராத பிரச்சினை, உள்ள பெண்களுக்கான குழந்தைப்பேறு சிகிச்சை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பிசிஓடி என்று போட்டிருந்தாலும் நீங்களும் கேட்கலாம். பாதியில் அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுவிட்டுப் போங்கள்: உங்களிடம் முட்டை இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். வெளியே வரவேண்டிய நேரத்தில் அது வருவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேன் திரையில் சினைப்பையின் ஓரமாகச் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டருக்குள். ரிப்போர்ட்டில் நீர்க்கட்டி என்று பார்த்ததும், "ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா டாக்டர்?" என்று நடுங்கிப்போய் வருகிறார்கள். எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, பாதி வளர்ந்து அப்படியே நின்றுபோன முட்டைப் பைகள் அவை. வழக்கமாக மாதத்துக்கு ஒன்று முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடிக்கும். இங்கே இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடிக் கிடப்பதால் எதுவும் முந்துவதில்லை.

ஆனால் ஒரு காலத்தில் வெட்டத்தான் செய்தார்கள். 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்று இரண்டு மருத்துவர்கள் இந்தப் பிரச்சினை உள்ள ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். என்ன ஏது என்று பார்க்கச் சினைப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்திருக்கிறார்கள், எடுத்த பிறகு நின்றுபோயிருந்த மாதவிலக்கு தானாக வர ஆரம்பித்தது. சரி, அதையே வைத்தியமாக்கிவிடலாம் என்று ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள், ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இரண்டு பேர் கர்ப்பமும் ஆனார்கள். சோதித்துப் பார்க்கப் போன இடத்தில் வைத்தியம் கிடைத்தது, எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத கதை இது. ஆண் ஹார்மோன் சுரக்கிற பகுதி குறைந்ததுதான் காரணமாக இருக்கவேண்டும். ஆனால் வெட்டிய இடம் ஆறும்போது குடலோடும் கருக்குழாயோடும் ஒட்டிக்கொண்டு அதுவே புதுத் தடையாகிவிடும், அதனால் 1967-இல் முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை வந்ததும் கத்தி பின்னுக்குப் போனது. இன்றைக்கும் மாத்திரைக்கு மசியாத சிலருக்கு லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கேமரா விட்டு, சினைப்பையில் சில துளைகள் போடுவது உண்டு.

இப்போது என் பழைய புலம்பலுக்கு வருகிறேன். மாதவிலக்கு தொடங்கிய 14-ஆம் நாளில்தான் முட்டை வரும் என்கிற கணக்கு! தம்பதிகள் வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டுவார்கள், காலண்டரில் மாதாமாதம் அந்த 14-ஆம் நாளைச் சுற்றி வட்டம். "கரெக்டா அந்த நாள்லதான் டாக்டர் சேர்ந்திருக்கோம்." ஏம்மா, உனக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை பீரியட்ஸ் வரும் என்றால், நாற்பத்தைந்து என்பார். முட்டை வெளியே வந்த பிறகு அடுத்த மாதவிலக்குக்கு ஆகிற நாள்தான் ஏறக்குறைய மாறாதது, இரண்டு வாரம். 28 நாள் சுழற்சிக்குத்தான் 14. 45 நாள் சுழற்சியில் முட்டை வந்தால் அது 31-ஆம் நாள் வாக்கில். வட்டம் போட்ட நாளில் அங்கே ஒன்றும் இருக்காது! முட்டை வந்ததா என்று பார்க்கிற 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையும் இதே கதைதான், அது அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு எடுக்கவேண்டியது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பை நம்பலாமா என்றால், அது பார்ப்பது முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனை, பிசிஓஎஸ்-இல் அது எப்போதும் கொஞ்சம் ஏறியே இருக்கும், அதனால் முட்டை வராமலே ஸ்ட்ரிப் கோடு காட்டிவிடும். நாள் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், விந்தணு உள்ளே ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும்.

மாத்திரைக்கு வருவோம். இப்போது முதலில் கொடுப்பது லெட்ரோசோல், மாதவிலக்கு வந்த சில நாளில் தொடங்கி ஐந்து நாள். இது மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து, அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் உண்டு. பயப்படவேண்டாம். இந்த மாத்திரையால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொஞ்ச நாள் குறைந்ததும் மூளை முட்டைப் பையை வளர்க்கிற எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூட்டி அனுப்பும், நின்றுபோன பைகளில் ஒன்று வளரத் தொடங்கும். 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் இரண்டு மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். ஐந்து சுழற்சி வரை கொடுத்ததில் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், குளோமிஃபீனில் 19.1. ஐந்து சுழற்சி என்பதைக் கவனியுங்கள், முதல் மாதமே கரு நிற்கவில்லை என்று டாக்டரை மாற்றுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை இன்சுலினைச் சரிக்கட்டும், ஆனால் குழந்தைக்காக அதை மட்டும் நம்புவது நீண்ட காத்திருப்பு. உடல் எடை கூடியிருந்தால், ஐந்து பத்து சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வெடிக்கும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களிடம் போய் எடையைக் குறை என்று சொல்லாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஊசியும் ஐவிஎஃப்பும் மிச்சம் இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன். முட்டைப் பையை வளர்க்கிற ஹார்மோன் ஊசி போட்டால் பல முட்டை ஒன்றாக வளர்ந்துவிடலாம், இரட்டை, மூன்று என்று போய்விடும், அதனால் குறைந்த டோஸும் அடிக்கடி ஸ்கேனும் கட்டாயம். ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்குவது, கடைசியில்தான். அதிலும் பிசிஓஎஸ் பெண்களுக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கிற ஆபத்து அதிகம், கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைப்பது பாதுகாப்பு. அப்புறம், முதலிலேயே சொல்லியிருக்கவேண்டியது, மனைவிக்கு ஒரு மாத்திரைகூடத் தொடங்குவதற்கு முன்னால் கணவருக்கு விந்தணு பரிசோதனை. ஃபோலிக் அமில மாத்திரை இப்போதிருந்தே. கர்ப்பம் தரித்தால் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடவேண்டாம், முதல் விசிட்டிலேயே கேளுங்கள். வணக்கம்.