2012 சாமஸ் ஃபிக்மா வந்தாச்சு: அந்த ரெண்டு தோளுக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்

வணக்கம் மக்களே! இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் இல்ல, நேரா மேஜைக்கு வந்துட்டேன். கை பரபரங்குது. இதோ பாருங்க. சாமஸ் அரான், மெட்ராய்டு வீடியோ கேம்ல கவசம் போட்டுச் சண்டை போடுற நாயகி, வலது கையே ஒரு பீரங்கி. ஃபிக்மா வரிசையில 133-ஆவது நம்பர், 2012-ல வந்தது. ஃபிக்மான்னா தெரியும்ல, கை கால் மூட்டெல்லாம் அசையுற பொம்மை வரிசை, ஜப்பான்ல மேக்ஸ் ஃபேக்டரி செய்யுறது, குட் ஸ்மைல் கம்பெனி விக்கிறது. 2008-லேருந்து வந்துக்கிட்டிருக்கு. "அக்கா, உங்க ஷெல்ஃப்ல எல்லாரும் இருக்காங்க, சாமஸ் மட்டும் எங்கே"ன்னு எத்தனை பேரு கேட்டிருப்பீங்க! வந்துட்டாங்க, போதுமா?

மெட்ராய்டு ப்ரைம் 4 விளையாடி முடிச்ச சூடு இன்னும் அடங்கல எனக்கு. வரப் போகுதுன்னு 2017-ல சொன்னாங்க, 2019-ல செஞ்சது எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு ரெட்ரோ ஸ்டுடியோஸ்ங்கிற கேம் கம்பெனிகிட்ட குடுத்து மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க, கடைசியில 2025 டிசம்பர்லதான் கைக்கு வந்துச்சு. எட்டு வருஷத்துக்கும் மேல. அதை முடிச்ச ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், இனிமே இந்தப் பொம்மை இல்லாம இருக்க முடியாதுன்னு.

சரி, விலை. விலையைச் சொல்லாம மேல போக விட மாட்டீங்க. புதுசா வெளிநாட்டுலேருந்து வரவழைக்கிற கதையெல்லாம் நமக்கு இப்ப கட்டுப்படியாகாது. பொம்மைக்கு இறக்குமதி வரி 2020-ல 20 சதவீதத்துலேருந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. அதனால உள்ளூர்ல யாராவது சேகரிப்பைக் கலைக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பெங்களூர்ல ஒரு தம்பி, வீடு மாத்துறாரு, ஷெல்ஃபைக் காலி பண்றாரு. பெட்டி கிடையாது. குட்டிக் குட்டிப் பாகங்கள் முக்கால்வாசி தொலைஞ்சு போச்சு. பொம்மை, ஸ்டாண்டு, முஷ்டி மடக்கின ஒரு இடது கை, அவ்வளவுதான். சொன்ன விலை 7,000.

நான் கேட்டேன், "தம்பி, பெட்டி இல்லாத பொம்மைக்குப் பெட்டியோட விலை சொல்லலாமா?" அவரு சொல்றாரு, "அக்கா, ஜாயின்ட் எல்லாம் நல்லா டைட்டா இருக்குக்கா." டைட்டா இருக்குன்னா எனக்கு அதுதான்யா பயமே! ஏன்னு அப்புறம் சொல்றேன். 6,500, 6,200, அப்படியே இறங்கி 5,800-ல வந்து நின்னாரு. நானும் சரின்னுட்டேன். அப்புறம் மெதுவா, "கூரியர் 180 தனிக்கா"ங்கிறாரு. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. 5,800 பெருசில்ல, அந்த 180 பெருசு. விலை பேசும்போதே அதைச் சொல்லியிருக்கணும்ல? அரை மணி நேரம் அந்த 180-க்காகவே பேசினோம். முதல்ல 90 நீங்க 90 நான்னு சொன்னாரு. நான் விடல. கடைசியில, "சரிக்கா, நானே போட்டுக்கிறேன், நல்லா வச்சுக்கோங்க"ன்னுட்டாரு. அன்னைக்கு முழுக்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிரிச்சுப் பாத்தா, தொட்டதும் விரல் ஒட்டுது. புதுசா சேகரிக்கிறவங்க இதைப் பாத்து பயந்துருவீங்க, பயப்பட வேண்டாம். இதுல மென்மையான பாகங்கள் பிவிசி. பிவிசி வளைஞ்சு குடுக்கணும்னு அதுல எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேப்பாங்க. வருஷக்கணக்கா காத்துப் படாம மூடி வச்சா அது மெல்ல மேல கசிஞ்சு வந்து பிசுபிசுன்னு நிக்கும். வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்பு, குழந்தைங்களோட மெத்து பிரஷ். மெதுவா தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, நிழல்ல ஃபேனுக்குக் கீழ. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், இதெல்லாம் கிட்டவே கொண்டு போகாதீங்க, பெயின்ட்டும் சேர்ந்து வந்துரும். இப்ப தொட்டுப் பாக்குறேன்... ஒட்டல. பட்டு மாதிரி இருக்கு.

ஆங், அளவு சொல்ல மறந்துட்டேன். ஹெல்மெட் உச்சி வரைக்கும் 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. சாமஸோட உயரம் 190 சென்டிமீட்டர்னு பழைய கைடு புக்குல போட்டிருப்பாங்க. வகுத்துப் பாத்தா பன்னெண்டுல ஒரு பங்கு கிட்ட வரும். அதனால ஷெல்ஃப்ல இருக்குற மத்த ஆறு இன்ச் ஆளுங்க பக்கத்துல நிக்க வச்சா உறுத்தாது.

இப்ப டைட்டு விஷயம். இடது முட்டி அசையவே இல்ல. ஒரு துளி கூட. இங்கதான் நிறைய பேரு பொம்மையை உடைக்கிறாங்க. அழுத்துவோம், அசையாது, இன்னும் கொஞ்சம் அழுத்துவோம், உள்ள இருக்குற சின்னக் குச்சி முறுக்கிக்கிட்டு அப்படியே ஒடிஞ்சுரும். நான் ஹேர் ட்ரையரை எடுத்தேன். கம்மியான சூட்டுல வச்சு, ஒரு ஜாண் தூரத்துலேருந்து, முட்டியை மட்டும் அரை நிமிஷம். சூடு பட்டா பிளாஸ்டிக் லேசா இளகும். அப்புறம் தொடையை இந்தக் கையில, காலை அந்தக் கையில பிடிச்சு, ரொம்ப ரொம்ப மெதுவா... வரல. மறுபடி அரை நிமிஷம். வரல. மூணாவது தடவை, மக்களே, அந்த முட்டி அசைஞ்சுது பாருங்க! சத்தமே இல்லாம, எண்ணெய் விட்ட கீல் மாதிரி. நான் போட்ட சத்தத்துல அம்மா அடுப்படியிலேருந்து ஓடி வந்துட்டாங்க.

இப்ப தோள். நான் பேச வந்ததே இதுதான். கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். இந்த ரெண்டு பெரிய உருண்டை தெரியுதா? சாமஸ்னாலே நமக்கு இந்த உருண்டைத் தோள்தான் கண்ணு முன்னாடி நிக்கும். ஆனா 1986-ல வந்த முதல் மெட்ராய்டுல இது கிடையவே கிடையாது. அதுல வேரியா சூட்ங்கிற பலமான கவசம் போட்டா நிறம் மட்டும்தான் மாறும். 1991-ல மெட்ராய்டு 2 கேம் பாய்ங்கிற கையடக்க கேம் மிஷினுக்கு வருது. கேம் பாய்ல ஏது நிறம்? எல்லாமே ஒரே பச்சை சாம்பல்தான். சூட் மாறிடுச்சுன்னு எப்படிக் காட்டுறது? தோளை இப்படிப் பெருசா உருட்டி வச்சுட்டாங்க. நிறமே இல்லாத ஒரு திரைக்காகக் கண்டுபிடிச்ச வடிவம், 1994-ல சூப்பர் மெட்ராய்டுல கலரோட வந்து, இன்னைக்கு வரைக்கும் அவங்க அடையாளமாவே நிலைச்சுப் போச்சு. இதை நினைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்குது.

திரையில இது அழகு. பொம்மை செய்யுறவங்களுக்கு இது பெரிய தலைவலி. கையைத் தூக்கணும்னா தோள் நகரணும். தோள்ல இவ்வளவு பெரிய உருண்டை இருந்தா ஹெல்மெட்ல இடிக்கும், நெஞ்சுல இடிக்கும். உருண்டையைச் சின்னதாக்கினா கை நல்லா சுழலும், ஆனா அது சாமஸா இருக்காது. போன தீபாவளி வீடியோல ஒரு போலி வாங்கி ஏமாந்ததைக் காட்டினேன்ல? அதோட தோளைப் பாருங்க, பக்கத்துல வைக்கிறேன். எண்ணெய்ப் பளபளப்பு, தொளதொளன்னு ஆடுற ஜாயின்ட், பீரங்கியைத் தூக்கி விட்டா ரெண்டே நொடியில தொங்கிப் போகுது. இதைப் பாருங்க. முன்னாடி நேரா நீட்டுறேன், அப்படியே நிக்குது. சாய்வா மேல தூக்குறேன், நிக்குது. சூப்பர் மெட்ராய்டுல ஓடிக்கிட்டே மூலைவாட்டுல சுடுவோமே, அந்த நிலை அச்சு அசலா வருது. உருண்டையும் உருண்டையாவே இருக்கு.

வராதது ஒண்ணு இருக்கு. இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கால கொண்டு போய் பீரங்கியைத் தாங்கிப் பிடிக்க வைக்க முடியல, தோள் தடுக்குது. முதுகுல ஸ்டாண்டு செருகுற ஓட்டையும் எனக்குச் சுத்தமா பிடிக்கல. ஸ்டாண்டு இல்லாமலும் நிக்கிறாங்க, ஆனா வலது கை பீரங்கியை நீட்டினா அந்தப் பக்கமா லேசா சாயுறாங்க, அதனால ஸ்டாண்டு போட்டே வைங்க.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேனே! இது மெட்ராய்டு அதர் எம் கேமுக்காக வந்த பொம்மை. ஆமா, நான் வாயைத் திறந்தாலே திட்டுற அதே கேம்தான், 2010-ல நின்டெண்டோவோட வீ கன்சோல்ல வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல. வெந்து போற எரிமலைப் பகுதிக்குள்ள சாமஸ் ஓடுறாங்க, உடம்பு தகிக்குது, உயிர் குறைஞ்சுக்கிட்டே வருது. வெப்பத்தைத் தாங்குற வேரியா சூட் அவங்ககிட்டயே இருக்கு! ஆனா கமாண்டர் ஆடம் அனுமதி குடுக்குற வரைக்கும் அதைப் போட மாட்டாங்க. ஸீப்ஸ் கிரகத்துல ஒத்தை ஆளா இறங்கி ஜெயிச்ச பொண்ணுக்கு, வெந்து சாகாம இருக்க ஒருத்தர் சம்மதம் வேணுமா? அந்த இடத்துல கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு எழுந்து போனவ நான். அப்புறம் ஏன் இதை வாங்கினேன்னு கேப்பீங்க. கதையில பண்ணின தப்பு இந்த உடம்புல இல்ல. இடுப்பு, முழங்கால், அந்தத் தோள், செதுக்கினவங்களுக்கு சாமஸ் யாருன்னு தெரிஞ்சிருக்கு. மெட்ராய்டு ட்ரெட் கேமுக்கு வந்த வெள்ளை நீல ஃபிக்மாவும் இருக்கு, நல்ல பொம்மைதான், ஆனா எனக்கு ஆரஞ்சு மஞ்சள் சிவப்பு வேணும். அதுல நான் மாறவே மாட்டேன்.

வாங்கலாமான்னா, புழங்கினது 6,000-க்குள்ள கிடைச்சா யோசிக்காதீங்க. பகல் வெளிச்சத்துல எடுத்த போட்டோ கேளுங்க. கை தூக்கி நிக்கிற ஒரு சின்ன வீடியோ கேளுங்க, பத்து நொடி போதும், தோள் தாங்குதான்னு அதுலயே தெரிஞ்சிரும். முட்டி மடங்குற வீடியோவும் கேளுங்க, நான் கேக்காம விட்டுட்டேன்.

இப்ப வைக்கிறேன். இடது முட்டியை மடக்கி, கஷ்டப்பட்டு இளக்கினது, அதையே மடக்கணும். மண்டி போட்டு, பீரங்கி மேல் நோக்கி. ரெண்டாவது தட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வெயில் பட்டா மஞ்சள் மங்கிரும். கண்ணாடிக் கதவையும் விரல் அகலத்துக்குத் திறந்து வைக்கிறேன், காத்து வரட்டும், மறுபடி பிசுபிசுக்க வேண்டாம்.

பெங்களூர் தம்பி, நீங்க இந்த வீடியோவைப் பாப்பீங்கன்னு தெரியும். இன்னொரு இடது கை ஷெல்ஃபுக்குப் பின்னாடி விழுந்திருக்கும்னு சொன்னீங்கள்ல, வீடு காலி பண்ணும்போது கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கிடைச்சா அனுப்புங்க, கூரியர் காசு இந்தத் தடவை நான் தரேன்.