லக்கோட்டா நிலச்சண்டைல இருந்து காதல் நாவல் எப்படி பொறக்குது?

வணக்கம் மக்களே.

(திரையில்: பரந்த புல்வெளி, தூரத்துல கருப்பா ஒரு மலைத்தொடர்)

அமெரிக்க எல்லைப்புறத்தை வச்சு வர்ற சரித்திரக் காதல் நாவல் படிக்கிறவங்களுக்கு இந்த செட்டப் பழகிப்போயிருக்கும். ஒரு கோட்டை, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, ஒரு லக்கோட்டா வீரன் (லக்கோட்டா, அமெரிக்கப் பூர்வகுடி இனங்கள்ல ஒண்ணு), ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சண்டை. அந்தச் சண்டை எதுக்குன்னு பல நாவல்ல ரெண்டு வரிதான் இருக்கும். எனக்கு அங்கதான் மனசு ஆறாது, ஏன்னா கதைக்கான சரக்கு மொத்தமும் அந்த ரெண்டு வரிக்குள்ளதான் இருக்கு.

1868ல அமெரிக்க அரசாங்கமும் லக்கோட்டாக்களும் லாரமி கோட்டையில ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கு முன்னாடி ரெட் கிளவுட் தலைமையில லக்கோட்டாக்கள் ரெண்டு வருஷம் சண்டை போட்டு, அவங்க நிலம் வழியா வெள்ளைக்காரங்க போன போஸ்மன் பாதையில இருந்த ராணுவக் கோட்டைகளை அரசாங்கமே காலி பண்ற அளவுக்கு கொண்டுவந்துட்டாங்க. மிசூரி ஆத்துக்கு மேற்கால, இன்னைக்கு தெற்கு டகோட்டான்னு சொல்ற இடத்துல பாதிக்கு மேல அவங்களுக்குன்னு எழுதியாச்சு, பிளாக் ஹில்ஸ் மலையும் அதுக்குள்ளதான். இனிமே ஒரு துண்டு நிலம் வாங்கணும்னாலும் வயசு வந்த ஆம்பளைங்கள்ல நாலுல மூணு பங்கு பேர் கையெழுத்து போடணும்னு ஷரத்து வேற.

ஆறே வருஷம். 1874ல கஸ்டர்ங்கிற அமெரிக்க ராணுவ அதிகாரி ஆயிரம் பேருக்கு மேல கூட்டிட்டு அந்த மலைக்குள்ள போறாரு, தங்கம் இருக்குன்னு செய்தி வெளிய வருது, அவ்வளவுதான், கூட்டம் கூட்டமா சுரங்கக்காரங்க உள்ள வந்துட்டாங்க. அப்புறம் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டுச்சு: 1876 ஜனவரி 31க்குள்ள லக்கோட்டாக்கள் எல்லாரும் ஏஜென்சிக்கு, அதாவது அவங்களை மேற்பார்வை பாக்குற அரசாங்க அலுவலகத்துக்கு, வந்து சேரணும், வராதவங்க எதிரிங்க. நடு குளிர்காலத்துல, பனியில, குழந்தை குட்டியோட! பல முகாமுக்கு சேதி போய்ச் சேர்றதுக்குள்ளயே கெடு முடிஞ்சிருக்கும்.

ஒரு கதாசிரியரா யோசிச்சுப் பாருங்க. ஜனவரி 31ன்னு ஒரு தேதி இருக்கு, பிரிஞ்சு கிடக்கிற ரெண்டு பேர் இருக்காங்க, நடுவுல பனி. வில்லனைத் தேடி எங்கயும் போக வேண்டாம், அந்த உத்தரவே போதும்.

சரி, ரெண்டு உலகத்து ஆளுங்க சந்திக்கணுமே, எங்க சந்திப்பாங்க? லாரமி மாதிரி கோட்டையில. ராணுவம் வாங்குறதுக்கு முன்னாடி அது தோல் வியாபாரம் நடந்த இடம், அந்த வியாபாரிங்க நிறைய பேர் லக்கோட்டாப் பொண்ணுங்களைக் கல்யாணம் பண்ணி அங்கயே குடும்பமா இருந்தவங்க. அந்தப் பிள்ளைங்க ரெண்டு பாஷையும் பேசுவாங்க, ரெண்டு பக்கமும் சொந்தம் இருக்கும், ஒப்பந்தப் பேச்சுல மொழிபெயர்க்கக் கூப்பிடுறதும் இந்த மாதிரிக் குடும்பத்து ஆளுங்களைத்தான். அப்பா பக்கம் சொன்னதை அம்மா பக்கத்துக்கு எடுத்துச் சொல்லணும்னா அந்த ஆளுக்கு எப்படி இருக்கும்?

ஆனா நாவல்கள் அதிகமா பிடிச்சுக்கிட்டது இன்னொரு வழியை, சிறைபிடிப்பு. 1864ல ஃபேனி கெல்லின்னு ஒரு அம்மா வண்டித்தொடர்ல மேற்கே போகும்போது ஓக்லாலாங்கிற பிரிவைச் சேர்ந்த லக்கோட்டாக்கள் பிடிச்சுட்டுப் போயி அஞ்சு மாசம் வச்சிருந்தாங்க, திரும்பி வந்து புத்தகமே எழுதுனாங்க. அது பயமும் பிரிவும் நிறைஞ்ச அனுபவம். பின்னாடி வந்த காதல் நாவல்கள் அந்த எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து, பிடிச்சுட்டுப் போனவனையே ஹீரோ ஆக்கிடுச்சு. இது எனக்கு சுத்தமா பிடிக்கல. அந்தப் பொண்ணு பட்ட பாடும் காணாமப்போகுது, அந்த வீரன் எதுக்காக அந்த வண்டிகளை மறிச்சான்ங்கிறதும் காணாமப்போகுது.

இத்தனைக்கும் லக்கோட்டாக்கள்கிட்ட நிஜக் காதல் கதைக்கா பஞ்சம்? (திரையில்: புல்லாங்குழல், போர்வை) பையன் புல்லாங்குழல் வாசிப்பான், பொண்ணுக்கு இஷ்டம்னா ரெண்டு பேரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கிட்டு எல்லார் முன்னாடியும் நின்னு பேசுவாங்க. கிரேஸி ஹார்ஸ், அந்தப் பெரிய வீரர், 1870 வாக்குல பிளாக் பஃபலோ வுமன்ங்கிற கல்யாணமான பொண்ணோட போயிட்டாரு. அவங்க வழக்கப்படி பொண்ணு புருஷனை விட்டு வரலாம், ஆனா அந்தப் புருஷன் நோ வாட்டர் தேடி வந்து இவர் முகத்துலயே சுட்டுட்டாரு. உயிர் பிழைச்சுது, ஆனா இனத்துல அவருக்குக் கொடுத்திருந்த பெரிய பொறுப்பு போயிடுச்சு. ஒரு பக்கம் நிலத்துக்குள்ள ஆள் நுழைஞ்சுட்டே இருக்கான், இன்னொரு பக்கம் ஒரு காதலால தலைவர்களுக்குள்ள விரிசல், இதைவிட என்ன வேணும்?

உறவுமுறை இன்னொரு புதையல். அப்பாவோட அண்ணன் தம்பியையும் அப்பான்னுதான் கூப்பிடுவாங்க, அம்மாவோட அக்கா தங்கச்சியையும் அம்மான்னுதான். பெரியப்பா, சின்னம்மான்னு வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். மாமியாரும் மருமகனும் மரியாதைக்காக நேருக்கு நேர் பேசிக்க மாட்டாங்க. லக்கோட்டாக்களுக்கு நெருங்கிய சொந்தமான டகோட்டா இனத்துக் குடும்பத்துல பொறந்த எல்லா (Ella) டெலோரியாங்கிற எழுத்தாளர் இந்த உறவுமுறையை வச்சே ஒரு நாவல் எழுதுனாங்க, ஆனா அது வெளிவந்தது 1988ல, அவங்க இறந்து பதினேழு வருஷம் கழிச்சு.

நிலத்துக்கு என்ன ஆச்சு? 1876ல லிட்டில் பிக்ஹார்ன்ங்கிற இடத்துல நடந்த சண்டையில லக்கோட்டாக்கள்கிட்ட கஸ்டர் தோத்தாரு, அந்தக் கோபத்துல மலையை எழுதிக் கொடுக்கலைன்னா ரேஷன் கிடையாதுன்னுட்டாங்க. நாலுல மூணு பங்கு கையெழுத்து கிடைக்கவே இல்ல, ஆனாலும் 1877ல சட்டம் போட்டு எடுத்துக்கிட்டாங்க. 1980ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, லக்கோட்டாக்கள் இன்னைக்கு வரை அந்தக் காசைத் தொடல. மலைதான் வேணும்ங்கிறாங்க.

கடைசியா நான் யாராவது நல்லா எழுதணும்னு ஆசைப்படுற ஜோடி. எலைன் குடேல், மாசசூசெட்ஸ்ல இருந்து வந்த டீச்சர், பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பாக்குறவங்க. சார்லஸ் ஈஸ்ட்மன், சாண்டி டகோட்டா இனத்து டாக்டர். 1890 கடைசியில பைன் ரிட்ஜ்ங்கிற லக்கோட்டா ஏஜென்சியில சந்திச்சாங்க, ரெண்டு மாசம்கூட ஆகல, கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாங்க. டிசம்பர் 29, வூண்டட் நீங்கிற இடத்துல லக்கோட்டாக்களை ராணுவம் சுட்டுக் கொன்ன படுகொலை. காயம்பட்டவங்களை தேவாலயத்துக்குக் கொண்டுவந்தாங்க, கிறிஸ்துமஸ் தோரணம் இன்னும் அவுக்கல. பெஞ்சுகளைப் பேத்து எடுத்துட்டு தரையில வைக்கோலைப் பரப்பி மேல போர்வை போட்டு படுக்க வச்சாங்க, டாக்டரும் அவர் கட்டிக்கப்போற பொண்ணும் அங்க ராப்பகலா வேலை பாத்தாங்க. பனிப்புயல் ஓஞ்சதும், புத்தாண்டு அன்னைக்கு, அவர் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு உயிரோட யாராவது இருக்காங்களான்னு தேடிப் போனாரு. ஒரு வண்டிக்கு அடியில கண்ணு தெரியாத ஒரு பாட்டி உயிரோட இருந்தாங்க.

அடுத்த ஜூன்ல நியூயார்க்ல கல்யாணம்.