வேலையைச் சொல்லும் நாவல்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அண்மையில் படித்த நாவல்களைப் பற்றி ஒரு சாதாரண வாசகனாகப் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் திறனாய்வாளன் அல்லன். நூலகத்தில் கைக்குக் கிடைப்பதை எடுத்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பேருந்துப் பயணத்திலும் படிக்கிறவன். தடித்த புத்தகம் என்றால் சற்றுத் தயங்குவேன். அப்படிப் பெரும்பாலும் பருமனைப் பார்த்தே தேர்ந்தெடுத்த சில தமிழ் நாவல்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். அவை வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்தவை. எழுதியவர்களும் ஒருவரோடொருவர் ஒட்டாதவர்கள். ஆனாலும் அவற்றில் வரும் மனிதர்கள் ஓயாமல் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஆசிரியர்கள் அவசரப்படாமல் சொல்கிறார்கள். அந்தப் பக்கங்களில் நாவல் தானாக நடக்கிறது என்பதும், வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பாத்திரங்கள் கருத்துப் பேச உட்காரும்போது அது களைத்துப்போகிறது என்பதும் என்னுடைய அபிப்பிராயம்.

முதலில் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. 1960களின் இறுதியில் வெளிவந்த நாவல் இது. காவிரி கடலில் சேரும் பூம்புகாருக்குப் பக்கத்தில் உள்ள ஊர்தான் சாயாவனம். சிறு வயதில் அந்த ஊரைவிட்டுப் போய், கடல் கடந்து பொருள் தேடி, நடுத்தர வயதை எட்டும் முன்பே திரும்பி வருகிற சிதம்பரம், அங்கே ஒரு காட்டை விலைக்கு வாங்குகிறான். அதை அழித்துவிட்டு ஒரு கரும்பாலை நிறுவ வேண்டும் என்பது அவன் திட்டம். கதை என்று சொல்லப்போனால் இவ்வளவுதான். நாவலின் பெரும்பகுதி அந்தக் காட்டை அழிக்கும் வேலையிலேயே செல்கிறது. கலியபெருமாள், பழனியாண்டி என்ற இரண்டு சிறுவர்களை உடன் வைத்துக்கொண்டு அவன் செடிகொடிகளை வெட்டி, உள்ளே நுழைய வழி உண்டாக்கி, ஒவ்வோர் அடியாக முன்னேறுகிறான். கொடி படர்ந்த வேலியை ஒரு முறையாவது சுத்தம் செய்தவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் புரியும். அடியில் அறுத்துவிட்டாலும் மேலே பின்னிக் கிடப்பது கீழே விழாது. பிடித்து இழுத்தால் பக்கத்து மரமும் சேர்ந்து வரும். அரிவாள் பிடித்த கையில் கொப்புளம் எழும்பிய பிறகு திரும்பிப் பார்த்தால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத்தான் இடம் தெளிந்திருக்கும். அந்தச் சலிப்பும், அதற்குள் இருக்கும் பிடிவாதமும் கந்தசாமியின் எழுத்தில் அப்படியே இருக்கின்றன.

படிக்கிறவனை இந்த நாவல் எப்படித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பதைக் கவனித்தபோது எனக்கே சற்று அச்சமாக இருந்தது. வேலை தடைப்படும்போது, அது எப்படியாவது நடந்துவிட வேண்டுமே என்று நாமும் நினைக்கத் தொடங்குகிறோம். வெட்டி மாளாது என்று தெரிந்து அவன் தீ வைக்கத் தீர்மானிக்கும்போது, தீ நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நம் மனமும் விரும்புகிறது. பிடித்த பிறகு பறவைகளும் விலங்குகளும் படும்பாட்டைப் படிக்கையில், எதை விரும்பினோம் என்பது விளங்குகிறது. இவ்வளவுக்கும் ஆசிரியர் ஓரிடத்திலும் குறுக்கே வந்து, காடுகளைக் காக்க வேண்டும் என்று சொல்வதில்லை; சிதம்பரத்தைக் கெட்டவன் என்று காட்டுவதும் இல்லை. அவன் உழைப்பாளி, திட்டமிடத் தெரிந்தவன், ஊராரிடம் மரியாதையாக நடந்துகொள்பவன். காடு போன பிறகு ஊருக்குள் ஆலையும் பணப்புழக்கமும் வந்து, நெல்லைச் சுற்றியே இருந்த கொடுக்கல் வாங்கல் மெல்ல மாறுவதைச் சொல்லும் பிற்பகுதி, காட்டுப் பகுதியைவிடச் சுருக்கமாகவும் சற்று வேகமாகவும் போய்விட்டது என்பது என் குறை. பெண்களும் அடுக்களை வாசலைத் தாண்டி அதிகம் வருவதில்லை. ஆனால் கடைசியில் வாய் திறப்பவள் ஒரு மூதாட்டிதான். அவள் காட்டைப் பற்றிப் பேசவில்லை. புளி சரியில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். நல்ல புளி தந்த மரங்கள் எங்கே போயின என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். அந்த வரியை நான் இங்கே சொல்லிவிட்டால், படிக்கப்போகிறவர்களுக்கு நஷ்டம்.

புளி என்றதும் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைச் சொல்லாமல் நகர முடியாது. 1966இல் வந்த அந்த நாவலைச் சாயாவனத்தை முடித்த கையோடு மறுபடியும் எடுத்தேன். நாகர்கோவிலில் நாற்சந்தியில் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றி வியாபாரப் போட்டியும் பத்திரிகைக்காரர்களும் நகராட்சித் தேர்தலும் சேர்ந்துகொள்ள, யாருக்கும் தீங்கு செய்யாமல் நின்ற மரம் கடைசியில் பட்டுப்போகிறது. நான் முதலில் சொன்ன அபிப்பிராயத்துக்கு இந்த நாவல் அடங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் கைவேலை குறைவு, பேச்சு அதிகம். இருந்தாலும் தாமோதர ஆசான் இளைஞர்களைச் சுற்றி உட்காரவைத்துப் பழங்கதை சொல்லும் முற்பகுதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். ஆசானுக்குக் கதை சொல்வதே ஒரு தொழில். எங்கே நிறுத்த வேண்டும், கேட்பவனை எவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆசான் மறைந்த பிறகு வரும் தேர்தல் பகுதிகளில் கிண்டல் கூர்மையாக இருக்கிறது. ஆனாலும் அவர் இல்லாத குறை எனக்குக் கடைசிவரை தீரவில்லை.

அடுத்தது பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வெளிவந்த இந்த நாவலை இப்போது பலர் 2019இல் வந்த ‘அசுரன்’ திரைப்படத்தின் மூலக்கதையாகவே அறிந்திருக்கிறார்கள். திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க விரும்புகிறேன். திரைப்படம் தந்தையைப் பெரிய நாயகனாக்கி, அவருக்கு நீண்ட முன்கதை ஒன்றையும் கொடுத்திருக்கிறது. நாவலின் மையத்தில் இருப்பவன் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம். தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட வேண்டும் என்று போனவன், ஆளையே கொன்றுவிடுகிறான். கொலை முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு எட்டு நாட்கள், தந்தையும் மகனும் கரிசல் காட்டுப் புதர்களிலும் ஓடைகளிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரிவதுதான் நாவல்.

இதைத் துரத்தல் கதை என்று எண்ணிப் பரபரப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடுவது, அடுப்புக் கூட்டிச் சோறு பொங்குவது, படுக்க மறைவான இடம் பார்ப்பது, ஊரிலிருந்து சேதி கொண்டுவரும் மாமனுக்காகக் காத்திருப்பது என்று பக்கங்கள் போகின்றன. கொலை செய்துவிட்டு வந்த பையன் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறான். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, ஆத்தாளும் தங்கையும் எங்கே இருப்பார்கள் என்று கவலைப்படுகிறான். அந்த வயதுப் பையன் எப்படி இருப்பானோ அப்படியே அவன் இருக்கிறான் என்பதுதான் படிக்கிறவனைக் கலங்கவைக்கிறது. தந்தையும் அவனிடம் நீதி, அநீதி என்று பிரசங்கம் செய்வதில்லை. இருவரும் சேர்ந்து சமைக்கிறார்கள், சேர்ந்து நடக்கிறார்கள், நடந்துகொண்டே பழைய நிலத்தகராறுகளைப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சிலிருந்து யாருக்கு யாரால் என்ன நேர்ந்தது என்பதை நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாதியின் பெயரைச் சொல்லி ஆசிரியர் எதையும் விளக்குவதில்லை. விளக்காமலே எல்லாம் தெரிகிறது. பூமணி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அந்த மண்ணின் பேச்சு வழக்கு முதல் சில பக்கங்களில் எனக்குத் தடுக்கியது. வேற்று மாவட்டத்து வாசகர்கள் அதற்காகப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. கொஞ்ச தூரம் போனால் காது பழகிவிடும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, ‘கணையாழி’ இலக்கிய இதழில் தொடராக வந்து 1973இல் நூலானது. சென்னையில் குழாயில் காற்று மட்டும் வந்த காலத்தில், ஒரு தெருவில் வசிப்பவர்கள் குடமும் வாளியுமாக அலைகிறார்கள். சினிமாவில் கதாநாயகி ஆகலாம் என்ற ஆசை காட்டப்பட்டு ஏமாந்து நிற்கும் ஜமுனா, வேலைக்குப் போகும் அவள் தங்கை சாயா, நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் டீச்சரம்மா ஆகிய மூன்று பெண்கள் கதையைத் தாங்குகிறார்கள். ஜமுனா மனம் வெறுத்துப்போயிருக்கும் சமயத்தில் டீச்சரம்மா தன்னுடைய திருமண வாழ்க்கையை அவளுக்குச் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. ஆறுதல் சொல்வதற்காக அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. மிகக் கொடுமையான ஒரு விஷயத்தை வரவு செலவுக் கணக்குப்போல் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அதைக் கேட்டபின் ஜமுனாவும் தண்ணீர் பிடிக்கக் கிளம்புகிறாள். இதைப் படித்த இரவு நான் அடுத்த அத்தியாயத்துக்குப் போகவில்லை.

இந்த நாவலில் தண்ணீர் வேறொன்றைக் குறிக்கிறது என்று விளக்கும் கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் கைப்பம்பு உள்ள வீட்டில் தண்ணீர் கேட்டு நின்ற அனுபவம் உள்ள எவருக்கும், அங்கே பேசப்படுவது முதலில் தண்ணீர்தான் என்பது தெரியும். வீட்டுக்காரர் முகம் கோணுவதற்கு முன் எத்தனை குடம் அடித்துக்கொள்ளலாம், யாரை முன்னே விட வேண்டும், யாரிடம் சண்டை போட்டால் நாளைக்கு வரிசையில் இடம் கிடைக்காது என்ற கணக்கெல்லாம் அந்தத் தெருவில் இருக்கிறது. அசோகமித்திரன் அதை ஒரு சிரிப்போடு எழுதியிருக்கிறார். எங்கே சிரித்தார் என்று விரல் வைத்துக் காட்டத்தான் முடியவில்லை.

கடைசியாக ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் இது. ராஜம் கிருஷ்ணன் எந்த மக்களைப் பற்றி எழுத நினைத்தாரோ அந்த மக்களிடம் போய்ப் பழகி, விவரம் கேட்டுக்கொண்டு வந்து எழுதியவர். அந்த உழைப்பு இந்நூலின் முற்பகுதியில் வீண்போகவில்லை. பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பியும் அளத்து வேலைக்குப் போகும்போது நாமும் கூடவே இறங்குகிறோம். நடு வெயிலில் வெள்ளையாய்ப் பளபளக்கும் பாத்திகளைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போவதும், உப்புநீரில் ஊறிய கால் வெடிப்பதும், பெட்டி பெட்டியாய் உப்பைச் சுமந்து கொட்டுவதும், இடையில் ஒரு வாய் நல்ல தண்ணீருக்குத் தவிப்பதும், பெண் என்பதால் கணக்கப்பிள்ளைகள் முதலானவர்களின் பார்வைக்கும் பேச்சுக்கும் தப்பி நடக்க வேண்டியிருப்பதும் ஒன்றும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றன. அன்றாடம் சோற்றில் போடும் பொருள் இப்படித்தான் வருகிறது என்பது தெரியாமலா இருந்தோம் என்று கேட்கலாம். தெரியும், ஆனால் இவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

குறை எங்கே என்றால், சங்கம், உரிமை, கூலி உயர்வு என்று கதை திரும்பும்போது, பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டு நமக்காகப் பேச ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் நியாயம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அளத்தில் உப்பு வாரும் பொன்னாச்சியின் கையைப் பார்த்தே நான் அந்த நியாயத்துக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு அதை எனக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது, என்னை நம்பாததுபோல ஒரு மனத்தாங்கல் உண்டாகிறது. வெக்கையை முதலிலும் இதைப் பின்னாலும் படித்ததால் அந்த வேறுபாடு எனக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். பூமணி வாயை இறுக மூடிக்கொண்ட இடத்தில் ராஜம் கிருஷ்ணன் மனம் பொறுக்காமல் பேசிவிடுகிறார். என் நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. உப்பளத்து மக்களுக்காகப் பேச அந்தக் காலத்தில் எத்தனை எழுத்தாளர்கள் இருந்தார்கள், பேசியதைப் போய்க் குற்றம் என்கிறாயே என்று கோபித்துக்கொண்டார். அவர் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனாலும் முற்பகுதியைத் திரும்பப் படிப்பேன், பிற்பகுதியை அநேகமாகப் படிக்கமாட்டேன் என்பதை அவரிடமும் சொன்னேன்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்களைத் தமிழக அரசு அவர் வாழ்ந்த காலத்திலேயே நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே ‘கரிப்பு மணிகள்’ இணையத்தில் கட்டணமின்றியே கிடைக்கிறது. மற்ற நாவல்கள் ஓரளவு பெரிய நூலகங்களில் இருக்கும். வெக்கையை வாங்கும்போது, அட்டையில் திரைப்படத்தின் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படத்தில் பார்த்த முகங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பதினைந்து வயதுப் பையனோடு புறப்படுங்கள். நன்றி, வணக்கம்.