மீல்வார்ம்: தவிட்டுப் பெட்டியிலிருந்து வாணலிக்கு

(காட்சி: பிளாஸ்டிக் பெட்டியில் தவிடு மெல்ல அசைகிறது)

காத்தும் இல்ல, ஃபேனும் இல்ல. ஆனா தவிடு அசையுது பாருங்க. உள்ள இருக்கிறது மீல்வார்ம், ஒரு வகை வண்டோட புழு.

2024 ஜூலை 8 அன்னிக்கு சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளைச் சாப்பிட அனுமதிச்சுது. வெட்டுக்கிளி, பட்டுப்புழுவோட இதுவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. மழைக்குக் கிளம்புற ஈசலை வறுத்துப் பொட்டுக்கடலையோட கொறிச்ச நம்ம பாட்டிமார்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியா!

ஆனா நிபந்தனை உண்டு. காட்டுல, தோட்டத்துல பிடிச்ச பூச்சியை விற்கக் கூடாது; கண்காணிப்புல இருக்கிற பண்ணையில வளர்ந்ததா இருக்கணும். பறவைக்கும் அரோவானா மீனுக்கும் தீனியா விற்கிற புழுவை வாங்கிச் சமைக்காதீங்க. அது எதைத் தின்னு வளர்ந்துச்சோ! ருசி பார்க்க மட்டும்னா அனுமதி பெற்ற பாக்கெட்டே போதும். வீட்டுலயே வளர்க்கிறது தனி ஆசை.

(காட்சி: கேரட் துண்டு, நெருக்கத்தில்)

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு ஏன் மீல்வார்ம்? கத்தாது, குதிக்காது, வழவழப்பான பிளாஸ்டிக்ல ஏறாது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். இங்க இதுக்கு எதிரி ஈரம்தான். கோதுமைத் தவிட்டை முதல்ல சில நாள் ஃப்ரீசர்ல வைங்க, அதுல இருக்கிற வண்டு முட்டை சாகட்டும். தண்ணி ஊத்தவே கூடாது. ஒரு கேரட் துண்டு போதும், பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள எடுத்துடுங்க. தவிட்டை அள்ளிப் பிடிச்சா உருண்டை பிடிக்குதா? ஈரம் ஏறிடுச்சு. பெட்டிச் சுவர்ல பழுப்புத் தூசி படிஞ்சு, அதுவும் நகர்ந்துச்சுன்னா, அது தவிட்டுப் பேன். அந்தத் தவிடு குப்பைக்குத்தான். மூடியில வலை வெச்ச ஓட்டை இருக்கட்டும்.

வெள்ளையா கூட்டுப்புழு தெரிஞ்சா ஸ்பூனால எடுத்துத் தனிப்பெட்டியில போடுங்க, இல்லைன்னா மத்த புழுக்களே கடிச்சிடும். இதோட பெரிய உறவுக்காரன் சூப்பர்வார்ம் நேர்மாறு: கூட்டத்துல இருக்கிற வரைக்கும் கூட்டுப்புழுவா மாறவே மாறாது, தனியா அடைச்சாத்தான் மாறும்.

(காட்சி: அடுப்படி)

புழு ரெண்டரை சென்டிமீட்டர் வந்ததும் சல்லடையில சலிச்சு, ஒரு நாள் தீனி போடாம விடுங்க, குடல் காலியாகும். அப்புறம் ஃப்ரீசர்ல ரெண்டு நாள். உறைஞ்சா புழு சாகும், கிருமி சாகாது. அதனால கழுவி, கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிஷம். அதுக்கும் தப்புற கிருமி வித்துகள் உண்டு, வெந்ததை வெளியில போட்டு வைக்காதீங்க.

ஈரம் துடைச்சு, சின்னத் தீயில வறுங்க. மொறுமொறுன்னு வந்ததும் பூண்டு, காஞ்ச மிளகாய், கறிவேப்பிலை. இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) பொரியலுக்குச் செய்யற மாதிரியேதான், வேர்க்கடலையும் சேரும்.

இறால், நண்டு ஒத்துக்காதவங்க தொடவே வேண்டாம். அதுல ஒவ்வாமை தர்ற டிரோபோமையோசின் புரதம் இதுலயும் இருக்கு.

பெட்டி அடியில தங்குற பொடிக் கழிவு செடிக்கு நல்ல உரம். தாழ்வாரத் தொட்டிகள்ல கொஞ்சமா தூவி மண்ணோட கிளறி விடுங்க.