சொக்கோல்னிகியின் மஞ்சள் கன்றுகள்

பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நமக்கு இலையுதிர் காலம் கண்ணில் படுவது அரிது. இங்கே இலையுதிர் காலமான ஏப்ரலிலும் நம் வீட்டு மாமரம் பச்சையாகவே நிற்கிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரம் வரை போனால் பாப்லர் மரங்கள் மஞ்சளாவதைக் காணலாம். ஆனாலும், திரையில் தெரியும் இந்த ரஷ்ய ஓவியம் நமக்கு அந்நியமானதன்று.

ஐசக் லெவித்தான் 1879இல் வரைந்தது இது. மாஸ்கோவின் சொக்கோல்னிகி பூங்காவில் வளைந்து போகும் ஒரு பாதை. மேலே மேகங்கள். கறுப்பு உடையில் ஒரு பெண் தனியே நடந்து வருகிறாள்.

மஞ்சள் இலை என்றதும் முதுமை, சாவு என்று பொருள் சொல்லிவிடுகிறோம். இங்கே அது பொருந்தாது. மரங்களைப் பாருங்கள். மஞ்சளித்து நிற்பவை பாதையோரத்து இளங்கன்றுகள். முதிர்ந்த பைன் மரங்களோ கருத்து ஓங்கி நிற்கின்றன. வாடுவது இளமை! வரைந்தவருக்கு அப்போது 19 வயது. தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். ஜார் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பின் மாஸ்கோவிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்ட ஆண்டு அது. யூதரான அவர் நகருக்கு வெளியே சால்திகோவ்காவில் தங்க நேர்ந்தது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியை இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களுக்கு அந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரிவைப் பாட நினைத்த நம் சங்கப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடினார்கள். காய்ந்த மரமும் நீரற்ற வழியுமே மனத்தின் துயரைச் சொல்லிவிடும். லெவித்தானின் பாதையும் அப்படிப் பேசுகிறது என்பேன்.

அந்தப் பெண்ணை வரைந்தவர் லெவித்தான் அல்லர். அவருடைய நண்பர் நிக்கலாய் செக்கோவ். எழுத்தாளர் அந்தோன் செக்கோவின் அண்ணன். விரலால் அவளை மறைத்துப் பாருங்கள். துயரம் குறைகிறதா? எனக்குக் குறையவில்லை. அது பாதையிலும் கன்றுகளிலும் இருக்கிறது. 1880இல் ஓவியச் சேகரிப்பாளர் த்ரெத்தியாகோவ் இதை விலைக்கு வாங்கினார். அவர் தேர்ந்தெடுத்த முதல் லெவித்தான் ஓவியம் இதுவே.

தம்பி, அடுத்த படத்தைப் போடுங்கள். இது 1895இல் லெவித்தானே வரைந்தது. அதே இலையுதிர் காலம்தான். ஆனால் பிர்ச் மரங்கள் பொன்னாய் ஒளிர்கின்றன, ஆறு ஆழ்ந்த நீலமாக ஓடுகிறது. இங்கே மஞ்சள் வாட்டமன்று, கொண்டாட்டம். இரண்டையும் அருகருகே வைத்து, நிறத்தை மட்டும் நம்பாமல், அது எதன்மேல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.